பத்துக்கு ஜோடி

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாலை வகுப்பு நடக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை படிக்கிற, எங்கள் தெருவையும் அடுத்த தெருவையும் சேர்ந்த பிள்ளைகள் வருவார்கள். எடுப்பது நான். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். வாங்க வருகிறவர்களிடம்கூட மாவுப் பாத்திரத்தைப் பார்த்துத்தான் பேசுவேன். பள்ளிக்கூடத்து சார் வந்து கேட்டபோது என்னால் ஆகாது என்றுதான் சொன்னேன். "பெரியவங்க முன்னாடி பேசச் சொல்லலீங்க, பசங்கதான்" என்றார் அவர். அதனால் ஒத்துக்கொண்டேன். பிள்ளைகள் என்னை மிஸ் என்று கூப்பிட ஆரம்பித்தபோது, கீழ்வீட்டுக்காரர்கள் காதில் விழுமே என்று கூச்சமாக இருந்தது.

என்னைப் போல மாலை வகுப்பு எடுக்கிறவர்களைப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் உட்கார வைத்துக் கணக்கு விளையாட்டுகள் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குப் பிடித்தது ஒன்றுதான். பத்துக்கு ஜோடி. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் எழுதிய அட்டைகளை ஆளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். சத்தம் கேட்கிறவரை பிள்ளைகள் சுற்றி ஓட வேண்டும். சத்தம் நின்றதும், தன் எண்ணோடு சேர்ந்தால் பத்து வருகிற ஆளைத் தேடிப் பிடித்து, கைகோர்த்து உட்கார வேண்டும். ஏழு வைத்திருப்பவன் மூன்றைத் தேடுவான். உட்கார்ந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து, "ஏழும் மூணும் பத்து" என்று கத்த வேண்டும். இந்த ஜோடிகள் யோசிக்காமல் வாயில் வந்துவிட்டால் பிறகு வரும் கூட்டலிலும் கழித்தலிலும் பாதிக் கஷ்டம் போய்விடும் என்று சொன்னார்கள். அது உண்மை. நான் கண்ணால் பார்த்தேன்.

புடவைப் பெட்டி அட்டைகளை வெட்டி எண்களை எழுதினேன். விசில் ஊதவும் குரல் எழுப்பவும் எனக்கு வராது. ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினேன். முதல் வாரமே எட்டாம் எண் அட்டை ஒன்றைக் குரங்கு தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிவிட்டது. "மிஸ், கொரங்கு ரெண்டத் தேடிகினு போவுது மிஸ்" என்று ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கத்தினான். அவன் வாய் அப்படித்தான். ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஜோடி சேர்ந்துவிட்டால் போதும், "பாவா வந்துட்டாரு டோய்" என்று மாடியே அதிரும்; எங்கள் பக்கம் பாவா என்றால் முறைமாப்பிள்ளை. சேர்ந்த பையன் அட்டையைப் போட்டுவிட்டு ஓடுவான். நானும் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரிப்பேன்.

இந்த விளையாட்டில் யாராலும் தோற்கடிக்க முடியாத ஒரு பெண் இருந்தாள். மூன்றாம் வகுப்பு. அவள் அம்மா மலைக்கோயில் படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் பூ விற்கிறவர். தட்டுச் சத்தம் நிற்பதற்கு முன்பே இவள் கண் தன் ஜோடியைப் பிடித்துவைத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வருகிற அளவை வைத்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்து உட்கார வைப்பார்கள். இவள் மலர். அவள் அம்மா அதைப் பூ வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அவளுடைய வலது கையின் புறத்திலும் விரல்களிலும் மரு இருந்தது. ஒன்றிரண்டு இல்லை, விரல் முழுக்க. மரு உதிர வேண்டிக்கொண்டு கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டுவிட்டு வந்ததாக அவள் அம்மா ஒருமுறை சொன்னார். ஆஸ்பத்திரியில் மருந்தும் கொடுத்திருந்தார்கள். "போகும், நாள் ஆகும்" என்று சொல்லி அனுப்பினார்களாம். பிள்ளைகள் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். இதை நான் எழுத வேண்டியிருக்கிறது. முதலில் அவர்கள் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒருநாள் ஒரு பையன் தான் தட்டு தட்டுவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஒரு ஆள் குறைந்ததால் நானும் ஒரு அட்டை எடுத்துக்கொண்டேன். என்னிடம் நாலு. தட்டைத் தட்டிக்கொண்டிருந்த பையன் சட்டென்று நிறுத்தினான். ஆறாம் எண் அட்டையோடு அவள் என்னிடம் ஓடிவந்து வலது கையை நீட்டினாள்.

நான் கையை நீட்டவில்லை. அட்டையை நீட்டினேன்.

யோசித்துச் செய்ததில்லை. கை தானாக அப்படிச் செய்தது. மாவில் வைக்கிற கை, நாலு வீட்டுக்குப் போகிற மாவு என்று அதற்கு ஒரு காரணம் பிறகுதான் சொல்லிக்கொண்டேன். அவள் ஒரு நொடி என் அட்டையைப் பார்த்தாள். பிறகு தன் அட்டையால் என் அட்டையைத் தொட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆறும் நாலும் பத்து" என்றாள். வழக்கம்போல் சத்தமாகத்தான் சொன்னாள். அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் பிள்ளைகள் தப்பாக ஜோடி சேர ஆரம்பித்தார்கள். ஆறு வைத்துக்கொண்டு அவள் தனியாக நிற்பாள். நாலு வைத்திருப்பவன் ஐந்தோடு போய் உட்கார்ந்திருப்பான். நாலும் ஆறும் பத்து என்பதை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று அன்று முழுக்க அதையே சொல்ல வைத்தேன். அடுத்த நாள் அவளிடம் ஏழு. மூன்று வைத்திருந்த பெண் எட்டோடு போய் உட்கார்ந்தாள். "மூணும் எட்டும் எவ்ளோ?" என்று கேட்டேன். "பதினொண்ணு மிஸ்" என்று சரியாகச் சொன்னாள். "அப்புறம் ஏன் அங்க ஒக்காந்த?" தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தேன். எந்த எண் அட்டை அவளிடம் போகிறதோ அந்த எண்ணுக்குத்தான் மற்றவர்களுக்குக் கணக்கு தப்பியது. மற்றபடி எல்லோருக்கும் எல்லாமே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே தப்பாகச் செய்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. என் குரல் உயர்ந்து அந்தப் பிள்ளைகள் கேட்டதே அன்றைக்குத்தான். "கையப் புடிச்சா இன்னா ஆயிடும்? இப்பிடியா ஒரு பொண்ண நிக்க வெப்பீங்க?" என்றேன். அந்த ஒன்றாம் வகுப்புப் பையன் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்களே அட்டையத்தானே மிஸ் நீட்னீங்க" என்றான்.

அவன் குறும்பாகச் சொல்லவில்லை. விளையாட்டு விதியில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டான். அவர்களைப் பொறுத்தவரை அது விதிதான். மிஸ் செய்து காட்டிய விதி.

அவள்தான் பதில் சொன்னாள். "மிஸ் மாவு ஆட்டணும்டா. அதான்."

நான் மனசுக்குள் சொல்லிக்கொண்ட அதே காரணம். நான் யாரிடமும் சொல்லாதது. அவளாகவே கண்டுபிடித்து எனக்காக எடுத்துக்கொடுத்தாள்.

அப்போதே நான் அவள் கையைப் பிடித்திருக்கலாம். பிறகு எத்தனையோ முறை நினைப்பில் அந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டேன். அத்தனை பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரி, நாளைக்கு ஆடலாம்" என்று சொல்லி எல்லோரையும் எழுதச் சொன்னேன்.

மறுநாள் விதியையே மாற்றினேன். இனி யாரும் கைகோர்க்க வேண்டாம், அட்டையோடு அட்டை சேர்த்தால் போதும் என்றேன். பிள்ளைகளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாவா கேலி குறைந்ததில் பையன்களுக்குச் சந்தோஷம்தான். அவளுக்கும் ஜோடி கிடைத்தது. நான் புத்திசாலித்தனமாகச் செய்துவிட்டதாக இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவள் அட்டை வாங்கிக்கொள்ளவில்லை. "நான் தட்டு தட்றேன் மிஸ்" என்றாள். சரி என்றேன். அன்றிலிருந்து தினமும் அவள்தான் தட்டு தட்டினாள், இடது கையால். வலது கை கவுன் பாக்கெட்டுக்குள் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று மனசு லேசாகத்தான் இருந்தது.

கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்த மறுநாள், அவள் அம்மா மாவு வாங்க வந்தார். பாத்திரத்தை நீட்டாமல் நின்றார்.

"அக்கா, சார் அவள அரும்புல போட்டுட்டாருக்கா."

எனக்கு விளங்கவில்லை. "யார? உங்க பொண்ணையா?"

"ஆங். ஒண்ணாங்கிளாஸ் பசங்களோட ஒக்காந்துகினு இருக்கா. எழுதச் சொன்னா எல்லாம் சரியா எழுதறாளாம். நேர்ல கேட்டா தெரியலயாம். அப்ப பாத்துதான் எழுதறான்னு சார் சொல்றாரு. எம்பொண்ணு பாத்து எழுதுவாளாக்கா?"

"நேர்ல எப்பிடிக் கேக்கறாரு?"

"அவரு விரல் காட்டுவாராம், பத்துக்கு மீதி எத்தினியோ அத பசங்க காட்டணுமாம். ஏழு காட்டுனா மூணு காட்டறா. ஆறு காட்டுனா நாலு காட்டறா. அவரு மூணு, ரெண்டுன்னு காட்டுனா மட்டும் அப்பிடியே மரமாட்டம் நிக்கறாளாம். அஞ்சு வரைக்கும்தான் வருது, அதுக்கு மேல வரலன்றாரு. அத்தினி நாளா வந்துச்சு, இப்ப எங்கக்கா போச்சு?" அவர் இப்போதுதான் பாத்திரத்தை நீட்டினார். "இனிமே சாயங்காலம் அனுப்பல. எங்கூட ஒக்காந்து பூவாவது கட்டட்டும். உங்களுக்கும் எதுக்கு வீண் வேல."

ஐந்து வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் வரவில்லை. அந்தக் கணக்கு எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு கையில் ஐந்து விரல். எழுதும்போது நோட்டு மேல் குனிந்து மறைத்துக்கொள்ளலாம், ஆனால் ஐந்துக்கு மேல் விரல் காட்ட வேண்டுமென்றால் பாக்கெட்டிலிருந்து இரண்டாவது கையை வெளியே எடுக்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால், அவள் ஏன் கையை எடுப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "இன்னிக்கு மட்டும் அனுப்பும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். மாவை வழக்கத்தைவிட அதிகமாக அள்ளிப் போட்டேன். அதைச் செய்யும்போதே என்மேல் எனக்கு வெறுப்பாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவளை மட்டும் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தேன். மாடியில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"நாலுக்கு?"

"ஆறு மிஸ்."

"ரெண்டுக்கு?"

"எட்டு." நான் கேட்டு முடிப்பதற்குள் சொன்னாள்.

"இதை ஏன் சார்கிட்ட சொல்லல?"

"சார் வாயால சொல்லக் கூடாதுன்னாரு மிஸ். விரல்ல காட்டணும்னாரு."

"காட்ட வேண்டியதுதானே?"

பாக்கெட்டுக்குள் இருந்த கை இன்னும் உள்ளே போனது. நான் கையை நீட்டினேன். அவள் என் கையையும் என் முகத்தையும் பார்த்தாள். பிறகு இடது கையைக் கொடுத்தாள். "அது இல்ல, அந்தக் கை" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எந்த உரிமையில் கேட்பது? கொடுத்த கையைப் பிடித்துக்கொண்டேன். மற்ற பிள்ளைகள் படியேறி வருகிற சத்தம் கேட்டதும் அவளே விடுவித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சார் நல்லவர். என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. "சார், அந்தப் பொண்ணுக்கு எல்லாம் தெரியும் சார். வாயால கேட்டுப் பாருங்க" என்றேன். அவர் அவளைக் கூப்பிட்டார்.

"மூணுக்கு?"

"ஏழு சார்."

"ஒண்ணுக்கு?"

"ஒம்போது."

மாற்றி மாற்றிக் கேட்டார். பத்தைத் தாண்டி இருபது வரைக்கும் போனார். ஒன்றுகூடத் தப்பவில்லை. வகுப்பே திரும்பிப் பார்த்தது. "அட, நான்தான் தப்பா நெனச்சிட்டேன். பைய எடுத்துகினு போய் உன் பழைய எடத்துல ஒக்காரு" என்றார். அவள் நகரும் முன், "ஏம்மா, இவ்ளோ தெரிஞ்சிகினு ஏன் விரல் காட்ட மாட்டேன்னு நின்ன?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

வழியில் சொல்லிப் பார்த்ததெல்லாம் இதற்காகத்தான். நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அட்டையை நீட்டினேன், பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள், அதிலிருந்து இவள் கையை ஒளித்துவைக்கிறாள் என்று சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் அவரும் விரல் காட்டும் பழக்கத்தைப் பார்த்துச் செய்திருப்பார், மற்ற பிள்ளைகளிடமும் பேசியிருப்பார்.

"கூச்சம் சார்" என்றேன். "கொஞ்சம் கூச்ச சுபாவம்."

சார் சிரித்தார். "டீச்சர் எப்பிடியோ அப்பிடித்தானே பசங்களும்."

நானும் சிரித்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு மலர்க் குழு உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசல் வரைக்கும் வந்துவிட்டு நின்றேன். திரும்பி உள்ளே போகலாம் என்று இருந்தது. அதற்குள் சார் அடுத்த பிள்ளையிடம் விரல் காட்டிக் கேட்க ஆரம்பித்திருந்தார். வீட்டில் மாவுக்கு ஆள் காத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அவள் இப்போதும் சாயங்காலம் வருகிறாள். அம்மா தடுக்கவில்லை. கணக்கில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. தட்டு தட்டுவது இன்னும் அவள்தான், இடது கையால். சார் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்தக் கூச்ச சுபாவம் எப்பிடி இருக்கா?" என்று கேட்கிறார். நல்லா இருக்கா சார் என்கிறேன்.