சீசன் முடியட்டும்

போன வாரம் அடையாறில் எங்கள் அலுவலகத்து ஏசி அறையில் என்னை உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டார்கள். "மேடம், அஞ்சு வருஷம் கழிச்சு உங்கள எங்க பாக்குறீங்க?" கேட்ட மேனேஜருக்கு என் மகன் வயது. ரிட்டயராகி வீட்டில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருப்பேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் பதவி உயர்வு கேட்டபோதெல்லாம் "இந்தக் குவார்ட்டர் முடியட்டும் மேடம்" என்று சொல்லி அனுப்பிய அதே ஆள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

'முடியட்டும்' என்று யாராவது சொன்னாலே எனக்குப் புதுத்துணிக் கஞ்சி வாசனை அடிக்கும். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அடிக்கும். படிப்பு முடிந்த கையோடு தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பில் போடச் சேர்ந்தேன். பில் போடுகிறவளுக்கு நாற்காலி உண்டு. துணி எடுத்துக் காட்டுகிறவர்களுக்குக் கிடையாது. கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால்கூட அதட்டல் வரும்.

ஜெசிந்தா அப்படி நின்றவள். சாந்தோம்காரி, என் வயதுதான். தரைத்தளத்தில் துண்டு, லுங்கி விற்றாள். எனக்கு அந்த வயதில் சினிமாவைத் தவிர வேறு யோசனை கிடையாது. அவளிடம் திட்டம் இருந்தது. முதல் மாடியில் காட்டன், அதற்கு மேல் மாடியில் பட்டு. பட்டில் மட்டும்தான் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. வாங்குகிறவர்களும் உட்காரலாம், எதிரே விற்கிறவர்களும் உட்காரலாம்.

"பட்டுக்குப் போய்ட்டா தொழில் கத்துக்கலாம்டி. அப்புறம் லஸ்ஸாண்ட சின்னதா ஒரு கடை. மொதல்ல குந்தணும். காலு வீங்கிக்கினே போவுது" என்பாள், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே.

காட்டனுக்கு ஏறிவிட்டாள். பட்டுக்குக் கேட்டாள். மாடிகளைப் பார்த்துக்கொண்ட அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். "சீசன் முடியட்டும்மா, பாத்துக்கிடலாம்" என்பார், பெற்ற மகளிடம் சொல்வதுபோல.

தி.நகரில் சீசன் என்றைக்கு முடிந்திருக்கிறது? ஆடித் தள்ளுபடி போனால் தீபாவளி, அப்புறம் கிறிஸ்துமஸ், பொங்கல், கல்யாண முகூர்த்தம், பள்ளிக்கூட யூனிபார்ம், திரும்ப ஆடி. அது தெரிந்துதான் அந்த மனிதர் அப்படிச் சொன்னார். வருடக்கணக்காகச் சொன்னார். இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அவள் வேறு கடை பார்த்திருப்பாளே!

ஓர் ஆடியில், சீசன் நடுவிலேயே, பட்டுக்கு ஆள் போட்டார்கள். ஊரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய அண்ணாச்சியின் மச்சினன். பட்டுக்கும் பாலியெஸ்டருக்கும் வித்தியாசம் தெரியாது.

அடுத்த ஞாயிறு ஜெசிந்தா லீவு சொல்லிவிட்டாள். கடை பிதுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், காலையில் சர்ச் பூசைக்குக் கட்டிய புடவையோடு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு வாசல் வழியாக வாடிக்கையாளராக வந்தாள். நேரே பட்டு மாடி. நான் பில்லைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "எடுத்துப் போடுப்பா" என்றாள் மச்சினனிடம். அவன் போட்டான், போட்டான், மெத்தையே தெரியாத அளவுக்குப் போட்டான். அத்தனை கூட்டத்துக்கு முன்னால் அண்ணாச்சி என்ன செய்ய முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு, "பிடிச்சிருக்காம்மா?" என்றார்.

"நல்லாத்தான் கீது அண்ணாச்சி. சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்."

அம்மா கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். வேலையும் அதோடு போனது. நாங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்து என்ன பிரயோஜனம்? லஸ்ஸில் அவள் கடை வரவே இல்லை. கல்யாணமாகி எங்கோ போய்விட்டாள் என்று கேள்விப்பட்டதோடு சரி.

அடையாறு மேனேஜரிடம், "குவார்ட்டர் முடியட்டும் சார், சொல்றேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

சாயங்காலம் கோபம் அடங்காமல் தி.நகருக்குப் போனேன். அதே கடைதான், இப்போது லிஃப்ட் இருக்கிறது. பட்டு மாடியில் மெத்தையை எடுத்துவிட்டார்கள். நீளமாகக் கண்ணாடி மேஜை. ஜெசிந்தா ஏறத் துடித்த அந்த மாடியிலும் இப்போது எல்லாப் பெண்களும் நிற்கிறார்கள். கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டதே என்று தேடிப் பார்த்தேன். தந்திருந்தார்கள். மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன்மேல் புடவைக்கட்டு உட்கார்ந்திருந்தது.