விளைந்த ஊரில் ஒரு சட்டி பருப்பாணம்

துபாய் தேராவில் கௌஸ் முகைதீனின் கடையென்றால் மைசூர் பருப்புதான். இருபத்திரண்டு வயதில் காயல்பட்டினத்திலிருந்து வந்து, மூட்டை சுமந்து, மெல்ல மெல்லச் சொந்தக் கடை போட்டவர். அவர் விற்ற பருப்பெல்லாம் கனடாவில் விளைந்தது. அந்த மண்ணை ஒருமுறை மிதித்துவிட வேண்டுமென்று வெகுநாள் ஆசை. அவருக்குப் பருப்பு அனுப்பும் கனடா விவசாயி வால்டரே அறுவடைக்குக் கூப்பிட்டதும், ஐம்பது வயதில் கிளம்பிவிட்டார்.

"கனடா போறவங்க அருவி பாக்கப் போவாங்க. நீங்க பருப்பு பாக்கவா போறீங்க?" என்று சிரித்தபடியே மனைவி ஹாலிதா மசாலாப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

வால்டருடையது முந்நூறு பேர் வாழும் ஊர். ஒரே தெரு, ஒரு பெட்ரோல் பங்க், எட்டு மாடி உயரத்துக்குத் தானியக் கிடங்கு. மற்றதெல்லாம் வயலும் வானமும். காலைத் தொழுகை முடித்து அவர் காலாற நடந்தார். பின்னால் வந்த வண்டி நின்றது.

"கார் பழுதாகிவிட்டதா?"

"இல்லை, சும்மா நடக்கிறேன்."

அந்த ஆள் நம்பாமலே போனார். இன்னும் மூன்று வண்டிகள் இதையே கேட்டன. ஐந்தாவது வண்டியில் வால்டரின் மனைவி டோரத்தியே வந்துவிட்டாள். "உங்கள் விருந்தாளி வழிதவறி அலைகிறார் என்று ஊரே போன் பண்ணுகிறது. ஏறுங்கள்!"

மதியச் சாப்பாட்டில் மீனும் உருளைக்கிழங்கும் இருந்தன. பருப்பைக் காணோம். கேட்டால், வால்டர் அதை வாயில் வைத்ததே இல்லையாம். "விதைப்பேன், அறுப்பேன், ஏற்றி அனுப்புவேன். அவ்வளவுதான்."

கௌஸ் முகைதீனுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை, காயல்பட்டினத்துப் பருப்புக் குழம்பான பருப்பாணம் காய்ச்ச, ஊர்ப் பொதுக்கூடத்தின் அடுப்படியைக் கேட்டு வாங்கினார். அவருக்கோ சுடுதண்ணீர் வைப்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. கைப்பேசியை ஜன்னலில் சாய்த்து வைத்தார். திரையில் ஹாலிதா.

"வத்தல் கருகுது! அடுப்ப அணைங்க மச்சான்!"

அவர் அணைப்பதற்குள் புகை மேலே போய், கூரையில் இருந்த எச்சரிக்கை மணி அலறியது. பத்தே நிமிடத்தில் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. தலைக்கவசத்தோடு குதித்த ஆறு பேரும் அக்கம்பக்கத்து விவசாயிகள்தான்; வால்டரும் அதில் ஒருவர்.

"தீ எங்கே?"

"மாஃபி" என்று அவசரத்தில் அரபியில் உளறி, கரண்டியால் சட்டியைக் காட்டினார் கௌஸ் முகைதீன். "தீயெல்லாம் இல்லை. பருப்புதான்."

ஒருவர் குனிந்து மோந்து பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ரொட்டியைத் தொட்டுத் தொட்டுச் சட்டியை வழித்துவிட்டார்கள். வால்டர் மட்டும் மூன்று கிண்ணம்.

"இந்தச் சாமான் எந்தக் கடையில் கிடைக்கும்?" என்றார் ஒருவர். கௌஸ் முகைதீன் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். இன்னும் அறுக்காத பருப்பு வயல் தொடுவானம் வரை கிடந்தது. கூடமே அதிரச் சிரித்தார்கள்.

இப்போது டோரத்தி அவரிடம் பேசுவதேயில்லை. பருப்பாணம் காய்ச்சுவதில் சந்தேகம் வந்தால் நேராக ஹாலிதாவைத்தான் கூப்பிடுகிறாள்.