ரேக்கின் பின்னால் அடித்த காற்று

களைத்துப்போனவனுக்கு யார் கேள்வி கேட்டாலும் எரிச்சல்தான் வரும். அடுகோடிப் பகுதியில் உள்ள எங்கள் அலுவலக ரௌட்டரின் இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்று செத்துப்போயிருந்தது. மற்றதும் போனால் கிளை அலுவலகங்களின் இணைப்பெல்லாம் நின்றுவிடும். பழைய மெயிலில் இருந்த பார்ட் நம்பரை அப்படியே போட்டு ஆர்டர் அனுப்பிவிட்டுத் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சப்ளையர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அழைத்து, கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

"சார், ரௌட்டர் வெச்சிருக்கிற ரேக் பின்னாடி போய் ஸ்வல்ப கை வெச்சுப் பாருங்க. காத்து வெளிய வருதா, உள்ள போகுதா?"

"நம்பர்தான் அனுப்பிட்டேனேம்மா."

"நம்பர்ல கடைசி எழுத்து மாறினா பவர் சப்ளைக்குள்ள இருக்கிற ஃபேன் காத்தை எதிர்ப்பக்கம் தள்ளும் சார். ரௌட்டர் சூடாகி நின்னுடும்."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனேன். உள்ளங்கையில் அனல் அடித்தது.

"வெளியதான் வருது."

"நீங்க கேட்டது உள்ள இழுக்கிறது சார். மாத்திடறேன்."

அந்த மெயில் வேறொரு ரௌட்டருக்கு எழுதியது என்பது அப்போதுதான் உறைத்தது. நன்றி சொன்னேன்.

"இருக்கட்டும் சார். இப்படிக் கேட்டா பாதிப் பேர் போனை வெச்சுடுவாங்க. நீங்க எழுந்து போனீங்களே."

இப்போதெல்லாம் ஆர்டர் போடும் முன் கை வைத்துப் பார்த்துவிடுகிறேன். அன்று அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கட்டைவிரல் அழைப்பைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான்வரை போயிருந்ததை மட்டும் இதுவரை அவரிடம் சொல்லவில்லை.