சிறுகுடலில் ஏழெட்டுப் பைகள்

எங்கள் ஊரில் யாருக்குக் கால் வலித்தாலும் தண்ணீர்தான் குற்றவாளி. போர்வெல் தண்ணீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு அதிகம். என் பல்லிலும் சின்ன வயதிலிருந்தே பழுப்புக் கறை உண்டு. அதனால் அறுபத்தைந்து வயதில் பாதம் மரத்துப்போனபோது காரணம் எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். ஒருநாள் தக்காளித் தோட்டத்தில் ஒரு செருப்பு எங்கோ கழன்றுவிட, அது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன்.

"இது தண்ணியா இருக்காதுங்க. சாப்ட்டா வயிறு உப்புது, நாக்கு வேற செவந்து கெடக்குது. மொரப்பூர்ல ரயிலேறி சேலத்துல காட்டிட்டு வந்துரலாம்," என்றாள் மனைவி.

"தண்ணி மாத்துனா சரியாப் போயிரும். நீ சும்மா இரு."

இரண்டு வருடம், குழாயில் வரும் ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீர் மட்டுமே குடித்தேன். பிடிவாதத்துக்கு என்னிடம் என்றைக்கும் பஞ்சமில்லை. மரப்பு கணுக்கால்வரை ஏறிய பிறகுதான் சேலம் போனோம்.

ரத்தத்தில் நரம்புக்கு வேண்டிய பி12 சத்து மிகக் குறைவு என்றார் மருத்துவர். கறியும் பாலும் சாப்பிடுகிறவனுக்கு அது ஏன் குறைய வேண்டும் என்று அவருக்கே சந்தேகம். வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சிறுகுடலின் மேல்பகுதியில் ஏழெட்டுப் பைகள் இருந்தன.

ஒரு தாளில் வரைந்து காட்டினார். குடல் சுவரில் உட்புறம் மெல்லிய சவ்வு, அதற்கு வெளியே தசை. ரத்தக் குழாய்கள் தசையைத் துளைத்து உள்ளே போகும் இடங்கள் கொஞ்சம் பலவீனமானவை. வயதாக ஆக, உள்சவ்வு அந்த இடங்களில் வெளியே பிதுங்கிப் பையாகிவிடும், சைக்கிள் டயரின் கிழிசலில் ட்யூப் பிதுங்குவதுபோல. பைக்குத் தசை கிடையாது. அதனால் சுருங்கி எதையும் தள்ளத் தெரியாது. சாப்பாடு தேங்கும், கிருமிகள் பெருகும், நான் சாப்பிட்ட பி12-ஐ எனக்கு முன்னால் அவை தின்றுவிடும். என் வயிற்றுக்குள் இவ்வளவு ஒழுங்காக ஒரு திருட்டு நடந்திருப்பதைக் கேட்டு வியப்புதான் வந்தது.

"ஊசி போட்டா உணர்ச்சி திரும்பிருங்களா, டாக்டர்?" மனைவி கேட்டாள்.

"கொஞ்சம் வரும்மா. முன்னாடியே வந்திருந்தா நிச்சயமாச் சொல்லியிருப்பேன். நரம்பு ரெண்டு வருஷம் பட்டினி கெடந்திருக்குது."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு வெட்கமாக இருந்தது.

கிருமிக்குக் கொடுத்த மாத்திரையில் உப்பசம் அடங்கியது. பி12 ஊசியில் நாக்கு ஆறியது, கணுக்காலுக்கு உணர்ச்சி வந்தது. பாதத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அவள் என் உள்ளங்காலை விரலால் அழுத்திவிட்டு முகத்தைப் பார்ப்பாள். நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன். அவள் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

போன வாரம் தோட்டத்திலிருந்து வந்தபோது வாசலிலிருந்து தரையெல்லாம் ரத்தம். அவள்தான் பார்த்தாள். உட்காரவைத்து, இடது பாதத்தில் ஏறியிருந்த முள்ளை ஊக்கால் நெம்பினாள். நல்ல நீளமான முள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாதியில் கையை நிறுத்தினாள்.

"வலிக்குதுங்களா?" கேட்ட குரலில் அவ்வளவு ஆசை.

"ஆமா, வலிக்குது. மெதுவா எடு," என்று சொல்லி, காலைக் கொஞ்சம் இழுத்தும் காட்டினேன்.