அட்டை இல்லாதவரின் கூலி

அமராவதித் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டால் தாராபுரத்தைச் சுற்றி நெல் நடவு தொடங்கிவிடும். நான் காவல் இருக்கும் தோட்டத்துக்கு இப்போதெல்லாம் மேற்கு வங்கத்திலிருந்துதான் நடவு ஆட்கள் வருகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, கயிறு கட்டி வரிசை தப்பாமல் நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

மோட்டார் போடுவது, மடை திருப்புவது, தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மோட்டார் ரூமை ஒட்டிய அறையில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் கூடிவரவில்லை. யாராவது முகம் பார்த்துப் பேசினால் எனக்கு வார்த்தை வராது. தோட்டத்துக்குச் சொந்தக்காரர், நாங்கள் தோட்டக்காரர் என்போம், கோயமுத்தூரில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை காரில் வருவார். என் கூலி இவ்வளவு என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அரிசி பருப்பு வாங்கிப் போடுவார். தீபாவளிக்குத் துணி எடுத்துத் தருவார்.

போன வருஷம் வந்த கூட்டத்தில் ஒருவரிடம் ஆதார் அட்டை இல்லை. ரயிலில் தூங்கும்போது பை திருட்டுப் போனதில் போனும் அட்டையும் சேர்ந்து போய்விட்டன. வெளி மாநில ஆட்களின் விவரம் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டிருந்தார்கள். வங்காளம் பேசுகிறவரிடம் அட்டையும் இல்லையென்றால் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளோ என்றுதான் நினைப்பார்கள். அதனால் ஆட்களைக் கூட்டிவந்த மேஸ்திரி அவரை விட்டுவிட்டு மற்றவர்களின் விவரத்தை மட்டும் கொடுத்தார். மேஸ்திரியும் அவர்கள் ஊர்ப்பக்கம்தான், வருஷா வருஷம் வந்து தமிழ் பழகியவர். ஆட்கள் தங்கும் ஷெட்டில் யாராவது தலையை எண்ணினால் வம்பு என்று அந்த ஆளை என் அறையில் தங்கச் சொன்னார். அட்டை இல்லாத ஆளுக்குப் பாதிக் கூலிதான் என்றும் சொல்லிவிட்டார்.

அவருக்கு என் வயது இருக்கும். தெரிந்த தமிழ் கொஞ்சம். அதில் எல்லாவற்றுக்கும் என்னைப் பார்த்து ‘ங்க’ சேர்த்துக்கொள்வார். தண்ணிங்க, சோறுங்க, பாம்புங்க. அவர் கடுகெண்ணெயில் உருளைக்கிழங்கு வதக்குவார், நான் ரசம் வைப்பேன். சேர்ந்து சாப்பிடுவோம். பேச்சு அதிகம் இல்லை. ஆனால் அறையில் இன்னொருவர் இருமுகிற சத்தம் இருந்தது.

பக்கத்து வயலில் களையெடுக்கும் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து அவர் நடுவதைப் பார்ப்பார்கள்.

“கோடு கிழிச்சாப்பல நடறாரு பாரு. எங்கூட்டுக்காரரு சாயங்காலமானா ரோட்டுலயே நேரா நடக்க மாட்டாரு,” என்றாள் ஒருத்தி.

“அவருக்கும் ஒரு கயிறு கட்டி உடு அம்மணி.”

“கழுத்துலயா?”

அவர் நிமிர்ந்து, “ஆமாங்க, ஆமாங்க,” என்றார். அந்தப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நடவு இல்லாத ஒரு நாள், அட்டையை மறுபடி எடுக்க முடியுமா என்று பார்க்க அவரைத் தாராபுரத்தில் இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போனேன். சேற்றிலேயே கிடந்த விரல்கள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. மிஷினில் ரேகை விழவில்லை. ரேஷன் கடையில் எனக்கும் இப்படித்தான் ஆகும். விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைக்கச் சொன்னேன். தேய்த்துத் தேய்த்து வைத்தார்.

“விழுகலைங்கண்ணா,” என்றது அங்கிருந்த பெண். “பழைய போன் நம்பர் இருந்தாச் சொல்லச் சொல்லுங்க, ஓடிபி வரும்.”

“போன் திருடன்கிட்டங்க,” என்றார் அவர்.

அந்தப் பெண் சிரிக்கப் பார்த்து, பிறகு அடக்கிக்கொண்டது. சொந்த ஊரில் போய்ப் பார்க்கச் சொன்னது.

நடவு முடிகிற நாளில் ஆட்களுக்குத் தோட்டத்திலேயே சாப்பாடு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று தோட்டக்காரர் வந்திருந்தார். இலை போடும்போது அவரிடம் போனேன். எங்கள் பக்கம் பெரியவர்களிடம் கூலியைக் கூலி என்று கேட்டால் வெடுக்கென்று இருக்கும். சுற்றி வளைத்துத்தான் கேட்போம்.

“ஏனுங்கய்யா, அந்த அட்டையில்லாதவருக்குக் கொஞ்சம் பாத்துச் செய்யுங்க.”

முழுக் கூலியைத்தான் கேட்டேன். அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

“பாவந்தான். அட்டையில்லாம எங்க போயி என்ன பண்ணுவான்? உன்ற கூடயே இருந்துக்கட்டும். சோறு துணி நான் பாத்துக்கறேன். உனக்கும் பேச்சுத்துணையாச்சு.”

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கும் சந்தோஷமாகிவிட்டது. சாயங்காலம் அறையிலிருந்த உர மூட்டைகளைச் சுவரோரம் தள்ளி, இன்னொரு கட்டில் போட இடம் பண்ணினேன். அவர் குளித்துவிட்டு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

“கூலிங்க?” என்றார்.

“சோறு, துணி எல்லாம் ஐயா பாத்துக்குவாருங்க.”

“கூலிங்க?”

நான் இன்னொரு மூட்டையைச் சுவரோரம் நகர்த்தினேன்.

“உங்களுக்கு எவ்வளவுங்க?”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சொல்வதற்கு என்னிடம் ஒரு தொகை இல்லை. ஊரில் மகள் படிக்கிறாள், பணம் அனுப்ப வேண்டும் என்று சைகையிலும் தமிழிலுமாகச் சொன்னார். உர மூட்டை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, “ஊருக்குப் போயிருங்க. இங்க கூலின்னு ஒண்ணும் வராதுங்க,” என்றேன்.

மறுநாள் காலை தென்னை மரத்தடியில் தோட்டக்காரர் மேஸ்திரியிடம் பணத்தைக் கொடுக்க, அவர் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அட்டை இல்லாதவரின் முறை வந்தபோது பாதியைத்தான் நீட்டினார்.

“முழுசுங்க,” என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னப்பா?” என்றார் தோட்டக்காரர்.

“அவரும் எல்லாரையும் போலத்தானுங்க நட்டாரு.”

“பாத்துச் செய்யின்னியேன்னுதான இங்க இருக்கச் சொன்னேன்?”

“நாங் கேட்டது கூலிங்கய்யா.”

“போலீஸ் வந்தா நான்தானே பதில் சொல்லணும்?” என்றார் மேஸ்திரி.

தோட்டக்காரர் அவர் பக்கம் திரும்பினார். “நான் ஏக்கருக்கு முழுசாத்தான குடுத்திருக்கறேன். அவன் பாதி உன்ற பாக்கெட்டுக்கா போகுது? குடுத்துப்போடு.”

மேஸ்திரி மீதியை எடுத்து நீட்டினார்.

போத்தனூரில் ரயில் ஏற டெம்போ வந்தது. அவர் ஏறி, பின்பக்கம் உட்கார்ந்து கையைத் தூக்கினார். “வாரேனுங்க,” என்றார். நான் தலையை ஆட்டினேன்.

தோட்டக்காரர் அதன்பின் என்னிடம் சரியாகப் பேசவில்லை. காரில் ஏறும்போது மட்டும், “இருந்திருந்தா உனக்குத்தான் நல்லது. அனுப்பிப்போட்டு நிக்கற,” என்றார்.

“ஆமாங்கய்யா,” என்றேன்.

இந்த வருஷம் வேறு கூட்டம் வந்தது. எல்லாரிடமும் அட்டை இருந்தது. யாரும் என் அறைக்கு வர வேண்டியிருக்கவில்லை.