மூணாவது ஜாதி

என் கணவர் பொய் சொல்ல மாட்டார். இதை அவரே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அரசாங்க உத்தியோகம், சர்வேயர். யாருடைய வரப்பு யாருடைய நிலத்துக்குள் எத்தனை அங்குலம் நுழைந்திருக்கிறது என்று அளந்து சொல்வது அவர் வேலை. அங்குலக் கணக்கில் பேசும் அந்த மனிதர் சீட்டாட்ட மேஜையில் உட்கார்ந்தால் மட்டும் அவர் சொல்வதன் எல்லைக்கல் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

எங்களை பிரிட்ஜுக்கு இழுத்துவிட்டது மாடிக்குக் குடிவந்த வெள்ளைக்காரம்மாதான். செங்கம் ரோட்டுப் பக்கம் எங்கள் வீடு. அந்தம்மா எல்லாவற்றையும் துறப்பதற்காக நெடுந்தூரம் பறந்து வந்தவர். மீனைத் துறந்தார், கைக்கடிகாரத்தைத் துறந்தார், மதியம் வரை பேச்சைத் துறந்தார். பிரிட்ஜ் மட்டும் கூடவே வந்துவிட்டது. அதற்கு நாலு பேர் வேண்டும். குழாய் மாற்ற ஆள் கூட்டிக்கொண்டு வந்த ஹார்டுவேர் கடை பாயைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு எங்கள் இருவரையும். ஞாயிறு மூன்று மணி, மொட்டை மாடி, ஓலைப் பந்தல். பௌர்ணமி ஞாயிறு என்றால் ஆட்டம் கிடையாது. கிரிவலக் கூட்டத்தில் பாய்க்குத் தன் கடையிலிருந்து தெருவைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகும்.

பிரிட்ஜில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு ஜோடி. ஆட்டத்துக்கு முன்னால் ஏலம். ஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்ற நாலு ஜாதிச் சீட்டில் எதைத் துருப்பாக வைத்து, ஆறு பிடிக்கு மேல் எத்தனை பிடி எடுப்போம் என்று மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். நாலு பேரும் ஒரு சுற்றில் போடும் நாலு சீட்டு ஒரு பிடி. ஜோடிக்குள் வேறு ஒரு வார்த்தை பேசக்கூடாது, கண்ணைக் காட்டக்கூடாது. கல்யாணமாகி இருபது வருடம் ஆனவர்களுக்கு இதெல்லாம் பழகியதுதானே என்று நானும் தைரியமாக உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் நான் "ஒரு டைமன்" என்பேன். அவர் "ஒரு ஸ்பேட்" என்பார். நான் "ரெண்டு டைமன்" என்பேன். அதாவது, என்னிடம் டைமனை விட்டால் பெரிதாக ஒன்றுமில்லை என்று அர்த்தம். இதுவரை பிரச்சினை இல்லை. அவரிடம் ஸ்பேட் இருக்கிறது, என்னிடம் டைமன் இருக்கிறது, இருவரும் உண்மை பேசியிருக்கிறோம். அப்போது அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு "மூணு கிளாவர்" என்பார்.

இந்த மூணாவது ஜாதியில்தான் எங்கள் குடும்பம் மூன்று வருடம் சிக்கிக் கிடந்தது.

முதல் தடவை அவரிடம் நிஜமாகவே கிளாவர் இருக்கிறது என்று நம்பி நானும் கிளாவரை ஏற்றினேன். அவரிடம் இருந்தது இரண்டே கிளாவர்.

"அது கேள்விம்மா! மூணாவது ஜாதி சொன்னா, உன் கையில இன்னும் என்ன இருக்குன்னு கேக்கறேன்னு அர்த்தம். கிளாவர் இருக்குன்னு யார் சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க."

அடுத்த ஞாயிறு அதையே கேள்வியாக எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூட டீச்சரான நானே பாடத்தை ஒப்பிக்கும் மாணவியைப் போல பதில் சொன்னேன். அவரிடம் சுளையாக ஐந்து கிளாவர் இருந்தது.

"அது நிஜம்மா! அஞ்சு கிளாவரை வெச்சுக்கிட்டு வேற என்ன சொல்வேன்?"

"எது கேள்வி, எது நிஜம்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

"கையைப் பாத்துப் புரிஞ்சுக்கணும்."

"எந்தக் கையை?"

"உன் கையைத்தான். என் கையை நீ பாக்கக் கூடாது, ரூல்ஸ் இருக்குது."

பாய் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "எங்க வீட்ல இந்தக் கஷ்டமே இல்ல டீச்சர். வீட்டுக்காரம்மா மூணாவது தடவ எது சொன்னாலும் அது உத்தரவு." வெள்ளைக்காரம்மா புன்னகைத்தார். அவர் துறவறத்தில் இதுபோன்ற வேடிக்கைகளுக்கு அனுமதி இருந்தது.

இந்த லட்சணத்தில் வேலூரில் ஒரு ஒருநாள் போட்டிக்கு எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றார் இவர். காலை ஏழு மணி பஸ். போளூர் வரை சும்மா வந்தவர், போளூர் தாண்டியதும் பின்சீட்டுக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

"இன்னைக்கு ஒரே முடிவு. முதல் ரெண்டு ஜாதி உண்மை. மூணாவதா ஒரு ஜாதி சொன்னா அதை உண்மையான ஜாதின்னு எடுத்துக்கவே கூடாது. காரியம் ஆகறதுக்காகச் சொல்றது. புரிஞ்சுதா?"

பஸ்ஸில் பேச்சு நின்றது. டிரைவர் போட்டிருந்த பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முன்சீட்டிலிருந்து ஒருவர் மெதுவாகத் திரும்பினார். வெள்ளை வேட்டி, மடியில் பிளாஸ்டிக் ஃபைல்.

"சார் சர்வேயர் சார்தானே? எங்க ஊர்ல நிலம் அளக்க வந்திருக்கீங்க."

"ஆமாங்க."

"சர்டிபிகேட்டுக்கும் சார் ஏற்பாடு பண்றீங்கன்னு தெரியாம போச்சு. பையனுக்கு காலேஜ் சேக்கணும். ரெண்டு ஜாதி ஏற்கெனவே எழுதிப் பாத்துட்டோம், எடுபடல. மூணாவதா எது சொன்னா காரியம் ஆகும்னு சார் சொன்னா..."

என் கணவரின் முகம் வெளிறியதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். "ஐயா, நான் சீட்டாட்டத்தைச் சொன்னேன்" என்றார்.

"புரியுது சார். பொது எடம்" என்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கண்ணமங்கலத்தில் இறங்கும்போது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல், போன் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டை இவர் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனார். பஸ் நகர்ந்ததும் இவர் அதைக் கிழித்து ஜன்னல் வழியே போட்டார். வேலூர் வரை வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெரியவருக்கு நான் மனசுக்குள் நன்றி சொன்னேன்.

போட்டி ஒரு கிளப்பின் ஹாலில். எங்கள் தலைக்கு மேலே ஒரு ஃபேன் சத்தம் போட்டது, காற்று மட்டும் போடவில்லை. காலையில் சுமாராக ஆடினோம். சுமார் என்று அவர் சொன்னார். மதியச் சாப்பாட்டில் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி, "ஏம்மா, இங்க இருக்கறவங்க வேற மாதிரி ஆடறாங்க. இனிமே மூணாவது ஜாதியை நிஜம்னே வெச்சுக்கலாம்" என்றார். அப்பளம் வாங்கப் போனவர் திரும்பி வந்து, "ஆனா எப்பவும் இல்ல" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது மேஜையில் அது வந்தது. எதிராளிகளில் ஒருவர் வயதான டாக்டர், இன்னொருவர் அவர் மைத்துனர். என் கையில் ஆறு டைமன், மூன்று கிளாவர், உருப்படாத மூன்று ஆட்டின், ஒரே ஒரு ஸ்பேட். நான் ஒரு டைமன் என்றேன். அவர் ஒரு ஸ்பேட். நான் ரெண்டு டைமன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணு கிளாவர்."

டாக்டர் என்னிடம் திரும்பினார். ஒரு சொல்லுக்கு ஜோடிக்குள் என்ன உடன்பாடு என்று எதிராளி கேட்கலாம், சொன்னவருடைய ஜோடிதான் விளக்க வேண்டும். அது போட்டி விதி.

"மேடம், அந்த மூணு கிளாவருக்கு என்ன அர்த்தம்?"

"எனக்கும் அதைத் தெரிஞ்சுக்க ரொம்ப நாளா ஆசை சார்."

"இல்ல, உங்க ரெண்டு பேருக்குள்ள பேசி வெச்சிருப்பீங்களே?"

"பேசாத நாளே இல்லைங்க. ஒண்ணு, அவர்கிட்ட கிளாவர் இருக்கு. இல்லைன்னா, கிளாவர் இல்ல."

டாக்டர் என்னை நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். என் கணவர் மேற்கூரையைப் பார்த்தார். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குள் ஒன்றாகத் திரண்டு எழுந்தன. மூணாவது ஜாதிக்குப் பிறகு பேசாமல் விடுவது என்பது பிரிட்ஜில் பெரிய குற்றம். கேட்டவனை வாசலிலேயே நிற்க வைத்துக் கதவைச் சாத்துவது மாதிரி. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"பாஸ்" என்றேன்.

மற்றவர்களும் பாஸ். இனி இவர் கிளாவரைத் துருப்பாக வைத்து ஒன்பது பிடி எடுக்க வேண்டும். நான் என் சீட்டுகளை மேஜையில் விரித்துவிட்டு வாய்மூடி உட்கார வேண்டும். இந்த இடத்தில் உட்காருபவருக்கு டம்மி என்று பெயர். பெயர் வைத்தவர் கல்யாணமானவராகத்தான் இருக்க வேண்டும்.

இவர் என் மூன்று கிளாவரைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அங்கேயும் மூன்றுதான், அதுவும் பொடிசு. மீதி ஏழு துருப்பு டாக்டர் வீட்டில். எங்கள் துருப்பு எங்களைவிட அவர்களிடம் ஒன்று ஜாஸ்தி. இவர் காதெல்லாம் சிவந்து, நெற்றி வியர்த்து, ஒவ்வொரு சீட்டாகப் பிடுங்கிப் பிடுங்கி எட்டுப் பிடி எடுத்தார். ஒன்று கம்மி. என்னைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் முடிவுகளை ஒட்டினார்கள். போட்டியில் எல்லா மேஜைக்கும் அதே சீட்டுகள்தான் சுற்றி வரும். அந்த ஆட்டத்தில் எங்கள் பக்கம் உட்கார்ந்த மற்ற எல்லா ஜோடிகளும் தைரியமாக நாலு ஸ்பேட் வரை போயிருந்தார்கள். எதிராளி ஒருவரிடமே ஐந்து ஸ்பேட் உட்கார்ந்திருந்ததால் எல்லோரும் மூன்று, நாலு பிடி குறைந்து கவிழ்ந்திருந்தார்கள். ஒரே ஒரு பிடி மட்டும் குறைந்த நாங்கள்தான் அதில் முதலிடம். டாக்டர் தேடி வந்து, "மேடம், எப்படி அங்க நிறுத்தணும்னு தோணுச்சு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்: "எங்களுக்குள்ள ஒரு புரிதல் இருக்கு சார்."

மொத்தத்தில் கடைசிக்கு மூன்று படி மேலே வந்தோம். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார். வெளியே இன்னும் வெயில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, இந்த முறை ரொம்ப மெதுவாக, "ஏன் பாஸ் சொன்ன?" என்றார்.

"கோவம்."

"அதான் நினைச்சேன்."

"சரி, நீங்க சொல்லுங்க. சுத்தி வளைக்காம சொல்லுங்க. அந்த மூணு கிளாவருக்கு என்னதான் அர்த்தம்?"

முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். நிலத்தின் மூலையைத் தேடும்போது அப்படித்தான் யோசிப்பார் என்று அவருடைய உதவியாளர் ஒருமுறை சொன்னதுண்டு.

"ஒண்ணுமில்லம்மா. கை நல்லா இருந்தது. நிறுத்தவும் மனசு வரல, ஏத்தவும் பயமா இருந்தது. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நீ ஏதாவது சொல்லுவேன்னு பாத்தேன்."

மூன்று வருடமாக நான் கேட்ட விளக்கங்களில் இது ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. சிரிப்பு வந்தது, கொஞ்சம் கண்ணும் கலங்கியது. இதை முதல் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தால் என்ன என்று திட்டலாம் என்று திரும்பினேன். என் தோளில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. கழற்றி என் கைப்பைக்குள் வைத்தேன்.