என்ன வயசுப் பிள்ளைக்கு?

புத்தகக் கடையில் சிறுவர் பகுதியைப் பார்த்துக்கொள்பவர்களுக்குக் கண்ணும் காதும் போதாது, அடுத்தவர் கதையைக் கிண்டிக் கேட்கும் விடுப்பும் கொஞ்சம் வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே உண்டு. வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் கடைக்கு யார் வந்தாலும் என் முதற்கேள்வி, "என்ன வயசுப் பிள்ளைக்கு?" என்பதுதான். கேட்டுக் கேட்டு அலுத்து, ஒரு நாள் எல்லாப் புத்தகங்களிலும் வயதை எழுதி ஸ்டிக்கர் ஒட்டினேன். ஆறிலிருந்து எட்டுக்கு ரோஸ், ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குப் பச்சை, பன்னிரண்டுக்கு மேல் நீலம். பிள்ளைக்குப் புத்தகம் தேடிக் களைத்தவர்களே, உங்களுக்கு அது பெரிய உபகாரம் என்றுதான் நினைத்தேன். பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

சரியில்லாத பேய்

கொட்டாஞ்சேனையிலிருந்து தகப்பனோடு வந்த ஏழு வயதுப் பொடியன், நீல ஸ்டிக்கர் ஒட்டிய பேய்க் கதையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். இரவில் பயந்து கத்துவான் என்று தகப்பனுக்கு எடுத்துச் சொன்னேன். உண்மையில் நான் அதை வாசித்ததே இல்லை. அட்டையில் இருந்த மண்டையோட்டைப் பார்த்து நீலம் ஒட்டியவள். தகப்பன் என் பேச்சைக் கேட்டார், பொடியன் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டுதான் போனான். அடுத்த கிழமை அதே புத்தகத்தோடு வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னான்: "அன்ரி, இந்தப் பேய் சரியில்ல. வேற பேய் இருக்கா?"

உம்மா விடாத எரிமலை

கிராண்ட்பாஸில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர், வீட்டிலேயே செய்து பார்க்கும் விஞ்ஞானப் பரிசோதனைப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் பச்சை. மகனுக்கு என்ன வயது என்று கேட்டேன். இருபத்தாறு என்றார். நான் முழித்ததைப் பார்த்து, புத்தகம் தனக்குத்தான் என்றார். வினாகிரியும் அப்பச்சோடாவும் கலந்து எரிமலை செய்யும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே சொன்னார்: "சின்னதுல இதெல்லாம் செஞ்சி பாக்க உம்மா உடல்ல. இப்ப பொஞ்சாதி உடுறாவான்னு பாப்போம்."

தம்பியின் கேள்விகள்

சனிக்கிழமைகளில் ரியூஷன் முடிந்து ஒரு பிள்ளை வருவாள். பதினான்கு வயது இருக்கும். இங்கிலிஷில் படிப்பிக்கும் பள்ளிக்கூடம். ஆனால் தமிழ் நன்றாகக் கதைப்பாள். நேரே ரோஸ் ஸ்டிக்கர் தட்டுக்குப் போய், ஆறு வயதுத் தம்பிக்கு என்று கேட்பாள். முயல் கதை கொடுத்தேன், தம்பிக்கு அலுத்துவிட்டதாம். நாடோடிக் கதை கொடுத்தேன். ராசாக்கள் எல்லாம் ஏன் மொக்கர்களாக இருக்கிறார்கள் என்று கேட்டானாம். பிறகு பெரிய எழுத்தில் ஒரு துப்பறியும் கதை கொடுத்தேன்.

ஆறு வயதில் இப்படி யோசிக்கும் பிள்ளையை நான் கண்டதில்லை. சமைக்கும்போதுகூட, அவனுக்கு அடுத்து என்ன கொடுக்கலாம் என்றே மனம் ஓடியது. அடுத்த சனி அவள் வந்து சொன்னாள்: "கடைசியில அந்தக் கள்ளன் ஏன் அழுதவன் எண்டு தம்பி கேக்கச் சொன்னவன்."

வாய் செய்த வேலை

ஒரு நாள் அவள் தாயோடு வந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? அந்தக் கெட்டிக்காரத் தம்பியை ஏன் கூட்டி வரவில்லை என்று தாயிடமே கேட்டுவிட்டேன். தனக்கு இவள் ஒரு பிள்ளைதான் என்று தாய் சொல்ல, பிள்ளையின் முகம் கறுத்துப் போனது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கதைக்கத் தெரிந்த தமிழை அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஒருவருக்கும் சொல்லாமல் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆறிலிருந்து எட்டு என்று நான் எழுதி ஒட்டிய புத்தகத்தைப் பதினான்கு வயதுப் பிள்ளை எப்படித் தனக்கென்று கேட்பாள்?

வேறு யாரோ பிள்ளை என்று நினைத்துவிட்டேன் என மழுப்பினேன். எடுபடவில்லை. இருவரும் ஒன்றும் வாங்காமல் போனார்கள். காசு வாங்கும் மேசையில் இருக்கும் கசியர் குணம் அண்ணை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, உம்மட வாயிலயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம்."

ஆளுக்கொரு பக்கம்

மூன்று சனி அவள் வரவில்லை. ஒருவரும் வற்புறுத்தாமல், தானாகவே தமிழ் வாசிக்க வந்த பிள்ளையை நானே துரத்திவிட்டேன். வெட்கமாக இருந்தது, அதைவிடக் கவலையாக இருந்தது. உட்கார்ந்து ஸ்டிக்கர்களை நகத்தால் சுரண்டினேன். பாதி அட்டைகள் பாழ்.

நாலாவது சனி தாய் மட்டும் வந்தார். ஏச்சு விழப்போகிறது என்று நான் காத்து நிற்க, அவர் துப்பறியும் கதைகள் இருந்த தட்டுக்குப் போனார். ஒரு புத்தகத்தை எடுத்து, முதல் வரியில் விரலை வைத்து, உதடு அசைய அசைய வாசிக்கப் பார்த்தார். ஒரு வரி முடிய வெகுநேரம் எடுத்தது. மகள் எப்படி இருக்கிறாள் என்று மெதுவாகக் கேட்டேன். அன்றைக்கு வீட்டில் மகள் எல்லாவற்றையும் சொல்லி அழுதாளாம். பிறகு, புத்தகத்தை என்னிடம் நீட்டிச் சொன்னார்: "மிஸ், நான் படிச்சது சிங்களத்தில. எனக்கும் தமிழ் வாசிக்க வராது எண்டு மகளுக்கு நான் இவ்வளவு நாளும் சொல்லேல்ல. இப்ப ஆளுக்கொரு பக்கம் வாசிக்கிறம், கொஞ்சம் பக்கம் கூடின மொத்தப் புத்தகமாத் தாங்கோ."

வயதை மாற்றிச் சொல்கிறவர்கள் பஸ்ஸில் அரை டிக்கெட் எடுப்பவர்கள் மட்டுமல்ல என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு பெட்டி ஸ்டிக்கர் செலவானது.